கோகுலாஷ்டமி ஒரு நாள், ஸ்ரீஜயந்தி வேறொரு நாள்: கண்ணன் பிறந்தது எந்த நாளில்?

பிறந்த வீட்டில் 2025ஆம் ஆண்டு கோகுலாஷ்டமியை ஆடி மாதத்தின் கடைசி நாளிலேயே கொண்டாடி முடித்துவிட்டார்கள் என்றும், புகுந்த வீட்டில் அதையே ஸ்ரீஜயந்தி என்ற பெயரில் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துக் கொண்டாடினார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் எது சரியான நாள், பிறப்பே இல்லாதவன் என்று சொல்லப்படும் கடவுளுக்குப் பிறந்தநாள் எதற்கு, வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று மூன்று கேள்விகளையும் கேட்டிருக்கிறீர்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டு வீட்டாரும் தவறு செய்யவில்லை. ஒரு வீட்டார் அந்த நாளை ஒரு விரத நாளாகக் கணக்கிடுகிறார்கள். மற்றொரு வீட்டார் தங்கள் வீட்டுக் குழந்தை ஒன்றின் பிறந்தநாளைக் கணக்கிடுவதைப் போலக் கணக்கிடுகிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான்; ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கண்ணன் பிறந்த பொழுதைப் பற்றி நூல்கள் சொல்வதை முதலில் பார்ப்போம். விஷ்ணு புராணத்தின் ஐந்தாம் அம்சத்தில், திருமால் யோகநித்திரை என்னும் தன் மாயா சக்தியை அழைத்து, மழைக்காலத்தில் நபஸ் என்னும் சிராவண மாதத்தின் கிருஷ்ணபட்ச அஷ்டமி இரவில் தான் பிறக்கப்போவதாகவும், அவள் நவமியில் பிறப்பாள் என்றும் கூறுகிறார். இங்கே திதிதான் பேசப்படுகிறது, நட்சத்திரம் இல்லை. பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம் மூன்றாம் அத்தியாயமோ திதியை விட்டுவிட்டு, பிரம்மனுக்குரிய நட்சத்திரம் என்று குறிப்பாகச் சொல்லித் தொடங்குகிறது; உரைகாரர்கள் அதை ரோகிணி என்று விளக்குகிறார்கள். மகாபாரதத்தின் பிற்சேர்க்கையான ஹரிவம்சம் அபிஜித் என்று வேறொரு நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லி உரைகாரர்களுக்கு வேலை வைத்துவிட்டது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மரபு, ஆவணியை ஒட்டிய தேய்பிறை அஷ்டமி, ரோகிணி, நள்ளிரவு என்ற மூன்றும் கூடிய பொழுது என்று முடிவு செய்துகொண்டது.

தமிழில் இதற்கு இன்னும் சுவையான சான்று ஒன்று உண்டு. பெரியாழ்வார், தேவகியின் வயிற்றில் ‘அத்தத்தின் பத்தாம் நாள் தோன்றிய அச்சுதன்’ என்று பாடுகிறார். அத்தம் என்பது அஸ்த நட்சத்திரம். அதிலிருந்து பின்னோக்கிப் பத்து எண்ணினால் ரோகிணி வரும். முன்னோக்கிப் பத்து எண்ணினால் திருவோணம் வரும். கண்ணனின் பிறந்த நட்சத்திரத்தை வெளிப்படையாகச் சொன்னால் கம்சனுக்குத் தெரிந்து, குழந்தைக்குத் தீங்கு நேர்ந்துவிடுமோ என்று அஞ்சி ஆழ்வார் அதை மறைத்துப் பாடினார் என்பது வைணவ உரைகாரர்கள் கூறும் விளக்கம். முதல் பதிகத்தில் ஆயர்கள் குழந்தையைப் பார்த்துத் ‘திருவோணத்தான் உலகாளும்’ என்று சொல்வதாக அவர் பாடியிருப்பதும் இதோடு பொருந்துகிறது. கம்சன் மாண்டு எத்தனையோ காலம் ஆன பின்னும் ஒரு தாயைப் போலப் பயப்படுகிற இந்த மனநிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீஜயந்தி கொண்டாடும் வீடுகளின் கணக்கு அந்த மனநிலையிலிருந்துதான் புறப்படுகிறது.

இனி வானக் கணக்கு. கிருஷ்ணபட்ச அஷ்டமி என்பது சூரியனிடமிருந்து சந்திரன் 264 பாகை முதல் 276 பாகை வரை விலகியிருக்கும் பொழுது. ரோகிணி ரிஷப ராசியில் 10 பாகையில் தொடங்கி 23 பாகை 20 கலையில் (ஒரு பாகைக்கு 60 கலை) முடிகிறது. இரண்டும் ஒரே பொழுதில் கூட வேண்டுமானால் சூரியன் சிம்மத்தில் 4 பாகைக்கும் 29 பாகை 20 கலைக்கும் இடையே எங்காவது நிற்க வேண்டும். சூரியன் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்வதால், ஆவணி பிறந்து நான்கைந்து நாள் கழிந்த பிறகுதான் அஷ்டமியும் ரோகிணியும் சந்திக்க முடியும். ஆனால் சந்திர மாதக் கணக்கில் ஒவ்வொரு திதியும் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, கணக்கைச் சரிக்கட்டக் கூடுதலாகச் சேர்க்கப்படும் அதிக மாதம் வரும்போது மீண்டும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அதனால் சில ஆண்டுகளில் அந்த அஷ்டமி, சூரியன் இன்னும் கடகத்தில் இருக்கும்போதே, அதாவது ஆடியிலேயே வந்துவிடுகிறது.

2025-இல் நடந்தது இதுதான். தமிழ்நாட்டில் அரசு விடுமுறை விடப்பட்ட ஆகஸ்டு 16, ஆடி 31ஆம் தேதி. மறுநாள்தான் ஆவணி பிறந்தது. அந்த அஷ்டமியில் சந்திரன் பரணியிலும் கிருத்திகையிலுமே இருந்தது, ரோகிணியை எட்டவில்லை. திதியைப் பற்றிக்கொண்டவர்கள் அன்று கொண்டாடினார்கள். மாதம் ஆவணியாகவும் நட்சத்திரம் ரோகிணியாகவும் இருக்க வேண்டும் என்பவர்கள் அடுத்த தேய்பிறைக்குக் காத்திருந்து செப்டம்பர் நடுவில் கொண்டாடினார்கள். கேரளத்திலும் அஷ்டமி ரோகிணி செப்டம்பர் 14ஆம் தேதிதான் வந்தது. மாறாக 2024-இல் ஆகஸ்டு 26 நள்ளிரவில் அஷ்டமியும் ரோகிணியும் சேர்ந்தே இருந்ததால் பெரிய சிக்கல் எழவில்லை.

தமிழ்க் குடும்பங்களில் ஒரு குழந்தையின் பிறந்தநாளை மரபுப்படி எப்படிக் கணக்கிடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ் மாதத்தையும் ஜன்ம நட்சத்திரத்தையும் பார்க்கிறோம், திதியைக் கேட்பதில்லை. திதி நமக்கு விரதங்களுக்கும் திவசத்துக்கும் உரியது. ஆவணி ரோகிணி என்று நாள் குறிப்பவர்கள் கண்ணனை இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்து, ‘எங்கள் வீட்டுப் பிள்ளை ஆவணியில் ரோகிணியில் பிறந்தவன்’ என்கிறார்கள். அஷ்டமி என்று நாள் குறிப்பவர்களுக்கோ அது சிவராத்திரியையும் ஏகாதசியையும் போன்ற ஒரு விரத காலம்; திதியின் புனிதமே அங்கே முதன்மை. தர்ம சாஸ்திர விதிகளைத் தொகுத்து எழுதிய நிபந்தகாரர்கள் ஜன்மாஷ்டமி விரதம், ஜயந்தி விரதம் என்று இரண்டாகப் பிரித்து, அவை ஒன்றா வேறா என்று பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் வீட்டு விவாதத்துக்குப் பல நூற்றாண்டு முன்னோடிகள் உண்டு.

நாளைக் கடைசியாக நிர்ணயிப்பதில் இன்னும் நுட்பங்கள் இருக்கின்றன. ஸ்மிருதி நூல்களின் வழி நடக்கும் ஸ்மார்த்தர்கள் நள்ளிரவில் அஷ்டமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அன்று காலையில் ஸப்தமி இருந்தாலும் அவர்களுக்குத் தடையில்லை. வைணவர்கள் சூரியோதயத்தைப் பார்ப்பார்கள். ஸப்தமியோ கிருத்திகையோ கலந்த நாளைத் தவிர்த்துத் தூய்மையான மறுநாளைக் கொள்வார்கள். வைணவர்களுக்குள்ளேயே பாஞ்சராத்ரம், வைகானஸம் என்னும் ஆகம முறைகள், முனித்ரயம் என்னும் ஆசாரிய மரபு என்று பிரிவுக்கேற்ப நாள் மாறும். பஞ்சாங்கத்தில் அடுத்தடுத்த தேதிகளில் ‘பாஞ்சராத்ர ஸ்ரீஜயந்தி’, ‘முனித்ரய ஸ்ரீஜயந்தி’ என்று தனித்தனியே அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடுப்பி கிருஷ்ணன் கோயிலிலும் சூரிய மாதக் கணக்குத்தான். வட நாட்டார் இதைப் பாத்ரபத மாத அஷ்டமி என்று சொல்வார்கள். அவர்களுக்கு மாதம் பௌர்ணமியோடு முடிவதால் பெயர்தான் வேறு, நாள் ஒன்றே.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கனமானது. கீதையின் நான்காம் அத்தியாயத்தில் கண்ணனே, ‘நான் பிறப்பற்றவன், அழிவற்றவன், எல்லா உயிர்களுக்கும் ஈசன், ஆயினும் பிறக்கிறேன்’ என்கிறான். இந்த ஒரு சுலோகத்தில் நம் இரு பெரும் ஆசாரியர்கள் பிரிகிறார்கள். ஆதிசங்கரர் தம் பாஷ்யத்தில், தன் மாயையினால் உடலெடுத்தவன் போலவும் பிறந்தவன் போலவும் தோன்றுகிறானே தவிர, உலகத்தார் பிறப்பதைப் போல உண்மையில் பிறப்பதில்லை என்கிறார். இராமானுசரோ அந்தப் பிறப்பு மெய்யான பிறப்பே என்கிறார். நாம் வினையால் பிறக்கிறோம், அவன் தன் விருப்பத்தால் பிறக்கிறான். நம் உடல் முக்குணங்களால் ஆனது, அவன் திருமேனி அப்படிப்பட்டதன்று. இதுவே வேறுபாடு என்பது அவர் கொள்கை.

இராமானுசர் அதோடு நிற்கவில்லை. நல்லோரைக் காத்துத் தீயோரை அழிப்பதற்காக அவதரிக்கிறேன் என்ற எட்டாம் சுலோகத்துக்கு வரும்போது, தீயோரை அழிக்க அவனுடைய நினைப்பு ஒன்றே போதும் என்றும், தன்னைக் காணாமல் ஒரு கணத்தையும் ஆயிரம் கற்பமாகக் கழிக்கின்ற அடியார்களுக்குத் தன் உருவத்தையும் செயல்களையும் காட்டி உய்விப்பதே அவன் பிறந்து வருவதன் நோக்கம் என்றும் விளக்குகிறார். கம்சனைக் கொல்வதற்காகத்தான் கண்ணன் பிறந்தான் என்று குழந்தைகளுக்குக் கதை சொல்கிறோம், அதில் பிழையில்லை. ஆனால் கொல்வதற்கு மட்டுமென்றால் வெண்ணெய் திருடவும், உரலில் கட்டுண்ணவும், மண்ணைத் தின்று வாயைத் திறந்து காட்டவும் வேண்டியதில்லை. என் கருத்தில் இந்தப் பண்டிகையின் பொருளை இராமானுசரின் இந்த விளக்கமே நெருங்கித் தொடுகிறது. தத்துவ நோக்கில் சங்கரர் பக்கம் நிற்பவர்களும் அன்று மாலை கோலமாவில் சின்னப் பாதம் போடும்போது இந்த விளக்கத்தின்படிதான் நடந்துகொள்கிறார்கள்.

கதையின் அமைப்பே பண்டிகையின் அமைப்பையும் தீர்மானித்திருக்கிறது. அன்றிரவு மதுரா நகரச் சிறையில் எட்டாவது மகன் பிறக்கிறான். வசுதேவர் அவனை யமுனைக்கு அப்பால் கோகுலத்தில் யசோதையின் பக்கத்தில் கிடத்திவிட்டு, அவள் பெற்ற பெண் குழந்தையை எடுத்து வருகிறார். ஆண்டாள் ‘ஒருத்தி மகனாய்ப் பிறந்து ஓரிரவில் ஒருத்தி மகனாய் ஒளித்து வளர’ என்று பாடியது இதைத்தான். சிறையில் இருந்தவர்களுக்கு அது பயமும் மறைவும் நிறைந்த இரவு. கோகுலத்தார்க்கோ பொழுது விடிந்த பிறகுதான் செய்தியே தெரியும். அவர்கள் பாலும் தயிரும் நெய்யும் ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்து ஆடினார்கள் என்று பாகவதம் சொல்கிறது. எண்ணெயும் சுண்ணமும் தூவித் திருமுற்றம் சேறானது என்று பெரியாழ்வார் பாடுகிறார். முதல் நாள் உபவாசமும் விழிப்பும், மறுநாள் உறியடியும் விருந்தும் என்று வழிபாடு அமைந்திருப்பது இதனால்தான்.

வீட்டுக் காரியங்களில் முதலாவது பாதம் போடுவது. பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவைக் கரைத்து, கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை அதில் தோய்த்துத் தரையில் பதித்தால் குழந்தையின் உள்ளங்கால் வடிவம் வந்துவிடும். மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் கால்விரல்கள். வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று என்று மாற்றிப் பதித்தால் வலது, இடது பாதங்கள் தாமே சரியாக அமையும். வாசற்படியில் தொடங்கிப் பூஜையறைவரை உள்நோக்கி மட்டுமே பாதங்கள் போக வேண்டும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் அதன் காலையே மாவில் தோய்த்து நடக்க விடுவதும் உண்டு. கோலம் கலைந்தாலும் அதற்கு ஈடில்லை.

இரண்டாவது பட்சணம். உப்புச் சீடை, வெல்லச் சீடை, முறுக்கு, தட்டை, அப்பம் ஆகியவற்றோடு அவல், வெண்ணெய், தயிர், பழங்கள் வைப்பது வழக்கம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சுக்கு மருந்தைத் தேவகிக்காகக் கிளறி வைக்கும் வீடுகளும் உண்டு. சீடை வெடிக்கும் என்று பயந்து பலர் இப்போது கடையில் வாங்கிவிடுகிறார்கள். வெடிப்பதற்குக் காரணம், மேல்புறம் இறுகிய பிறகு உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் போவதுதான். பச்சரிசியைக் களைந்து நிழலில் உலர்த்தி அரைத்த மாவையும், வறுத்து அரைத்த உளுந்து மாவையும் கப்பியில்லாமல் இரண்டு முறை சலியுங்கள். உப்பைக் கல்லாகப் போடாமல் நீரில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். வெண்ணெயும் எள்ளும் பெருங்காயமும் சேர்த்துப் பிசைந்த மாவை அழுத்தி உருட்டாமல், சற்று நெகிழ்வாகவே உருட்டித் துணியில் பரப்பி மேல்ஈரம் போக உலர விடுங்கள். உருண்டை வழுவழுப்பாக இருந்தால் வெடிக்கும், கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் வெடிக்காது. ஐயமிருந்தால் ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்துக் குத்திவிடலாம். முதலில் நான்கைந்தை மட்டும் மிதமான சூட்டில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் பொரிப்பது நல்லது.

பூஜை நள்ளிரவில் நடப்பதே நூல்முறை என்றாலும், தமிழ்நாட்டு வீடுகளில் குழந்தைகள் தூங்குவதற்கு முன்பாக விளக்கேற்றும் நேரத்திலேயே பெரும்பாலும் முடித்துவிடுகிறார்கள். இதில் குறையொன்றும் இல்லை. தவழ்ந்த கண்ணன் விக்கிரகம் இருந்தால் பாலால் திருமஞ்சனம் செய்து, துளசி சாற்றி, தொட்டிலில் இட்டு ஆட்டலாம். பாகவதத்தில் அவதார அத்தியாயத்தையும், பெரியாழ்வாரின் ‘வண்ண மாடங்கள்’ பதிகத்தையும், ‘மாணிக்கம் கட்டி’ என்னும் தாலாட்டையும் சொல்வது மரபு.

பலர் விட்டுவிடுகிற ஒன்று அர்க்கியம், அதாவது மந்திரம் சொல்லி நீர் வார்த்து வழிபடுவது. கண்ணனுக்குக் கொடுக்கும் அர்க்கிய மந்திரம் ‘தேவகியோடு கூடிய ஹரியே’ என்று தாயையும் சேர்த்தே அழைக்கிறது. அடுத்து சந்திரனுக்கு அர்க்கியம்: பாற்கடலில் தோன்றியவனே, அத்ரி கோத்திரத்தில் உதித்தவனே, ரோகிணியோடு சேர்ந்து இதை ஏற்றுக்கொள் என்பது அதன் கருத்து. தேய்பிறை அஷ்டமியில் சந்திரன் நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும். கண்ணன் பிறந்த யது குலமோ சந்திர வம்சத்தின் கிளை. குழந்தை பிறக்கும் நேரத்தில் குலத்தின் மூதாதை கிழக்கே எழுந்து வருகிற அமைப்பு இது. உடுப்பியில் இன்றும் நள்ளிரவில் இந்த அர்க்கியம் கொடுக்கப்படுகிறது. மாடியோ முற்றமோ இருந்தால், மேகம் விலகும் ஆவணி இரவில் நீங்களும் பார்த்துக் கொடுக்கலாம்.

உபவாசத்தைப் பொறுத்தவரை, அன்று முழுவதும் இருந்து மறுநாள் பாரணை செய்வது, அதாவது உணவுண்டு விரதத்தை முடிப்பது, கடுமையான முறை; நள்ளிரவு பூஜை முடிந்ததும் பிரசாதம் உண்பது எளிய முறை. பாரணைக்குக் காலம் பார்ப்பவர்கள் அஷ்டமியும் ரோகிணியும் விலகிய பிறகே உண்பார்கள். கர்ப்பிணிகள், முதியோர், மருந்து உட்கொள்வோர் ஆகியோரைச் சாஸ்திரம் கட்டாயப்படுத்துவதில்லை. பாலும் பழமும் போதும்.

மறுநாள் விழா வீட்டுக்கு வெளியே நடப்பது. தஞ்சை மாவட்டத்தில் குடமுருட்டிக் கரையில் உள்ள வரகூர் இதற்குப் பேர்போனது. கிருஷ்ண லீலா தரங்கிணி பாடிய நாராயண தீர்த்தர் வாழ்ந்த ஊர் அது. அங்கே உறியடியும் வழுக்கு மரமும் காணச் சுற்றுவட்டாரமே திரளும். உறியைக் கயிற்றால் ஏற்றி இறக்கிக்கொண்டே அடிக்க வருபவரின் முகத்தில் தண்ணீரை வீசியடிப்பதும், எண்ணெய் தடவிய மரத்தில் ஏறுபவர்கள் பாதியில் சறுக்கி விழுவதும் ஆயர் குலத்தார் வாழும் பல ஊர்களில் நடப்பதுண்டு. மராட்டியத்தில் இதுவே தயிர்க்கலயம் உடைக்கும் மனிதப் பிரமிடாகவும், கேரளத்து ஆறன்முளையில் பார்த்தசாரதி கோயிலின் பெருவிருந்தாகவும் வேறு உருவம் எடுத்திருக்கிறது.

கடைசியாக, நீங்கள் என்ன செய்வது என்ற கேள்வி. விரதமும் பூஜையும் வாழும் வீட்டின் வழக்கப்படி நடப்பதே நம் மரபு. ஆகவே ஸ்ரீஜயந்தியை உங்கள் நாளாகக் கொள்ளுங்கள். பிறந்த வீட்டு அஷ்டமியன்று ஒரு விளக்கேற்றிக் கொஞ்சம் வெண்ணெய் வைத்து வணங்குவதை எந்த ஸம்பிரதாயமும் தடுக்கவில்லை. புகுந்த வீட்டார் எந்தப் பஞ்சாங்கத்தை, எந்த ஆகமப் பிரிவைப் பின்பற்றுகிறார்கள் என்பதை மாமியாரிடம் ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டால் ஆண்டுதோறும் குழப்பம் வராது. 2026-இல் அதிக மாதம் வருவதால் அஷ்டமி பின்னுக்குத் தள்ளப்பட்டு, செப்டம்பர் 4ஆம் தேதி, ஆவணியிலேயே வருகிறது. அன்று பகல் முழுவதும் ரோகிணியும் இருக்கிறது. உங்கள் இரு வீட்டு நாள்களும் அந்த ஆண்டில் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ அமையும்; ஒரே மாவில் சீடை உருட்டி இரண்டு வீட்டுக்கும் பிரித்துக்கொள்ளலாம்.